பூமுடிராசனை எழுப்பியவள்

ராக்கம்மா தன் புருஷனின் பெயரைத் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். அதைக் கேட்க ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் டிக்கட் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். நானும் அங்கே இருந்தேன், டிக்கட் வாங்காமல். மேடைக்குப் பக்கத்தில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் யார் டிக்கட் கேட்பது?

என் பெயர் ஹாஷிம். கண்டி கொழும்பு வீதியில் பெற்றோமக்ஸ் விளக்கு, லவுட்ஸ்பீக்கர், மேடை லைட் எல்லாம் வாடகைக்குக் கொடுத்துப் பிழைத்தவன். கல்யாண வீடு, கந்தூரி, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாவற்றிலும் என் வெளிச்சம்தான். அதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன், நான் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. பேய் என்று ஊர் சொன்ன சங்கதிகளில் பாதி, நான் ஒரு பல்பை மாற்றியதும் போய்விட்டிருக்கிறது. இந்தக் கதை மற்றப் பாதியில் உள்ளது.

ராக்கம்மா அம்பிட்டியவுக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். ஆள் குள்ளம், வாய் நீளம். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளைகூட அவளுடைய கூடைக்குத் தராசை ஒழுங்காகப் பிடிப்பான் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவள் புருஷன் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. வீட்டில் ‘இந்தாங்க’, வெளியில் ‘பாப்பம்மா அப்பா’. பாப்பம்மா அவர்களுடைய ஒரே மகள். ரேஷன் கொடுக்கிற கூப்பன் கடையில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால், விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டுவாள். கடைக்காரன் சிரித்துக்கொண்டே மூக்கையா என்று எழுதிக்கொள்வான்.

மூக்கையா நகரத்தில் ஒரு மொத்தக் கடையில் நாட்டாமை வேலை பார்த்தான். லொறியிலிருந்து அரிசி மூட்டை, சீனி மூட்டை இறக்குகிற வேலை. சம்பள நாளில் அவன் கால் நேரே சாராயத் தவறணைக்குப் போகும், அங்கிருந்து வீட்டுக்கு. வீட்டில் நடந்ததை அடுத்த நாள் ராக்கம்மாவின் முகத்தில் பார்க்கலாம். ஊரையே அடக்குகிற வாய் அந்த ஒரு இடத்தில் மட்டும் திறக்காது. அவனை நல்லவன் என்று எழுத என் கை கூசுகிறது, எழுதமாட்டேன்.

ஆனால் அல்லாஹ் சிலருக்குக் கொடுக்கவேண்டியதை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறான். மூக்கையாவுக்குக் கூத்தில் கொட்டியிருந்தான். மாரியம்மன் திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு கூத்து உண்டு. கட்டியவர் வீரையா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளி, கூத்துக்கு வாத்தியார். கதை முழுக்க அவருடைய சொந்தக் கற்பனை. பூமுடிராசன் என்று ஒரு ராசா. பக்கத்து ஊர்ச் சனங்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள் என்று ஆற்றைத் திறந்துவிடப் போகிறான். ஆற்றுத் துறையில் அவனுடைய சொந்த மந்திரியே அவனை நெஞ்சில் குத்திக் கொல்கிறான். இவ்வளவுதான் கதை.

இதைக் கேட்டால் சப்பென்றுதான் இருக்கும். மூக்கையா ஆடிப் பார்க்கவேண்டும். மூட்டை தூக்கிக் கூனிப்போன முதுகு மேடையில் நிமிர்ந்துவிடும். அவன் ‘குடிமக்களே’ என்று ஒரு குரல் கொடுத்தால், பின்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்துவார்கள். மந்திரி கத்தியை மடியில் மறைக்கும்போது சனங்கள் கத்துவார்கள், “ராசா, போகாதீங்க!” ஒரு வருஷம் ஒரு கிழவர் கவ்வாத்துக் கத்தியோடு மேடையேறி மந்திரியைத் துரத்தினார். மந்திரியாக ஆடிய ராஜலிங்கம் மலைச்சரிவில் ஓடி ஒளிந்து, அவரைச் சமாதானப்படுத்தும்வரை திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த கிழமை தோட்டத்தில் ஆறு பேர் கூடுதல் கூலி கேட்டு நிமிர்ந்து நின்றார்கள் என்று தோட்டத்தை நடத்தும் துரைக்கே கோபம். கூத்து பார்த்த சூடு என்றார்கள்.

அந்தக் கூத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் செத்து விழுகிறவன் தானாக எழும்பக்கூடாது. வாத்தியார் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்து, முகத்தில் தெளித்து, பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். மூன்று தடவைக்குள் எழும்பிவிடுவான். வாத்தியார் இல்லாவிட்டால் அவன் வீட்டு ஆள் யாராவது கூப்பிடலாம்.

“ராசா செத்தா செத்ததுதான் நானா. எந்திரிக்கிறவன் மூக்கையாவா இருக்கணும். அதுக்குத்தான் பேரச் சொல்றது,” என்றார் வீரையா. முஸ்லிம் ஆளை அவர்கள் நானா என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம்.

நான் சிரித்தேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். மூக்கையாவுக்கு வெளிச்சம் ஆகாது. ஒத்திகையில் என் லைட் அவன் முகத்தில் பட்டாலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏசுவான். செத்து விழுந்து கிடக்கும்போது மட்டும், முகத்துக்கு நேரே எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பினாலும் அந்த இமை அசையாது. அரைக் கண் திறந்தபடி கிடப்பான். நல்ல நடிகன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பாண் ரொட்டிக்காக விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற காலம் அது. கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்த திருச்செல்வம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், எப்படியோ இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டார். அடுத்த நாளே என் கடைக்கு வந்தார்.

“ஹாஷிம், உந்த மனுசன் ஆடுறதை கண்டி ரவுன் ஆக்கள் பார்க்கவேணும். நான் மண்டபம் எடுக்கிறன். நீர் லைட்டைப் பாரும்,” என்றார்.

“மாஸ்டர், அந்த ஆளு குடிகாரன். வந்தாத்தான் நிச்சயம்.”

“ஓம், தெரியும். மேடைக்கு வந்திட்டா அவன் மூக்கையா இல்லை,” என்றார் மாஸ்டர். பிற்பாடு இந்தச் சொல்லை நினைத்து அவர் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாரோ தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிரம்பி வழிந்தது. கலகெதரவிலிருந்துகூட கடைக்காரர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அன்று காலையில்தான் வீரையாவுக்கு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாத்தியார் இல்லாமலே கூத்து நடந்தது. நான் பார்த்த கூத்துகளிலேயே அதற்கு நிகர் கிடையாது. மூக்கையா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது மண்டபத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை. அதன்பிறகு ஒருவர் எழும்பிக் கத்தினார், “பூமுடிராசா, எழும்பு!” பத்துப் பேர் கத்தினார்கள். பிறகு மண்டபமே கத்தியது.

எழுப்ப ஆள் வேண்டுமே? பெண்கள் பக்கத்தில் மகளோடு உட்கார்ந்திருந்த ராக்கம்மாவை மேடைக்கு இழுத்துவந்து கையில் செம்பைக் கொடுத்தார்கள். அவள் அப்படி ஒரு கூட்டத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. தண்ணீரைத் தெளித்தாள்.

“இந்தாங்க, எந்திரிங்க,” என்றாள்.

அவன் அசையவில்லை.

“இந்தாங்க, எந்திரிங்க!”

அப்போதும் அசையவில்லை. இன்னும் ஒரு தடவைதான் மிச்சம். சனங்கள் கூரை இடிய ராசாவின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். புருஷன் பெயரை இத்தனை பேர் முன்னால் சொல்ல அவளால் முடியவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்ததும், சேலைத் தலைப்பைக் கடித்ததும் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கடைசியில் எல்லோரும் சொன்னதையே அவளும் சொன்னாள்.

“பூமுடி மகாராசா, எந்திரிங்க.”

உடனே எழுந்தான். கையை ஊன்றாமல், முனகாமல், படுத்தபடியே நிமிர்ந்து எழுந்தான். கைதட்டல் மழை மாதிரி கொட்டியது. வணக்கம் சொல்லட்டும் என்று லைட்டை அவன் முகத்துக்கு நேரே திருப்பினேன். அவன் வெளிச்சத்தை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். இமை அசையவில்லை. நான்தான் லைட்டைத் தாழ்த்தினேன்.

வேஷத்தைக் கழுவினார்கள். முகத்திலிருந்து அரிதாரம் போனது, வேறு எதுவும் போகவில்லை. ‘மூக்கையா, ஏறு, பஸ் போகுது’ என்று ராஜலிங்கம் கூப்பிட்டான். மூக்கையா வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் நின்றான். ராக்கம்மா சேலைத் தலைப்பை ஆட்டிக் காட்டியதும் வந்தான். அவளிடம், “அம்மணி, தாங்கள் முன்னே செல்லுங்கள்,” என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போதை என்றார்கள். அன்று அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை.

முதல் சில நாட்கள் எங்களுக்கு அது ஒரு வேடிக்கைதான். கடைக்குப் போனான், மூட்டை தூக்கினான். “குடிகளின் தானியம். நானே சுமப்பது தகும்,” என்றான். மற்ற நாட்டாமைகள் அவனுக்குச் சலாம் போட்டு விளையாடினார்கள். அவன் பதிலுக்குத் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொண்டான், அவ்வளவுதான். ஒரு கிழமைக்குள் அந்தச் சலாம் விளையாட்டு நின்றுவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. மூட்டையோடு அவன் வரும்போது வழிவிட்டு ஒதுங்கினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் குரைக்கவுமில்லை, வாலாட்டவுமில்லை, எழும்பிப் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வீரையாவோடு நானும் ஒரு பின்னேரம் அவனைப் பார்க்கப் போனேன். லயத்து வாசலில் நின்று, கீழே மகாவலி ஆறு போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரையா கிட்டப் போய், “மூக்கையா, என்னத் தெரியலியா?” என்றார்.

“பெரியவரே, வெண்தார் இன்னும் துறையிலேயே நிற்கிறதா?”

“வெண்தாரா? யாரு?”

“என் குதிரை. மந்திரி குத்தும்போது அது கனைத்தது. குத்தியவன் என் காதில் ‘மன்னித்துவிடு’ என்று சொன்னான். கனைப்பில் மற்ற யாருக்கும் அது கேட்கவில்லை.”

வீரையா என்னை வேலியோரமாக இழுத்துக்கொண்டுபோனார்.

“நானா, நான் கட்டுன கதையில ராசாவுக்குக் குதிரையே கெடையாது. மந்திரி ஒன்னும் சொல்லவும் மாட்டான். குத்திட்டு ஓடிருவான்.”

செத்துப்போன ஒருவன் வந்திருந்தால் பேய் என்று சொல்லிவிடலாம், ஓதிப் பார்க்கலாம், வேப்பிலை அடிக்கலாம். ஒருநாளும் பிறக்காத ஒருவன் வந்து வாசலில் நின்றால் அதற்கு என்ன பெயர்?  

ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். சம்பள நாள் வந்தது. அவன் சம்பளத்தை இரண்டு கையாலும் ஏந்தி ராக்கம்மாவிடம் கொடுத்தான். அவள் அடுப்படியில் நின்றால், தான் உட்காரமாட்டான். பாப்பம்மாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவளை ‘இளவரசி’ என்றுதான் கூப்பிட்டான். அந்தப் பிள்ளை அதற்குமுன் அப்பா வருகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இப்போது வாசலில் காத்திருக்கத் தொடங்கியது. ராக்கம்மாவின் முகத்தில் காயம் ஆறியது, புதிதாக வரவில்லை. ஆனால் அவன் அவளைத் தொடவுமில்லை. கோயில் சிலைக்கு முன்னால் நிற்பதுபோல் எட்டவே நின்றான்.

“நல்லாத்தான் இருக்காரு நானா,” என்றாள் ராக்கம்மா. “ஆனா ராத்திரிக்கு அவரு தூங்குறதே இல்ல. கண்ணத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்காரு. மூச்சு விடுறாரான்னு நான் கைய வச்சுப் பாக்குறேன். அப்பறம் எனக்கும் தூக்கம் வாறதில்ல.”

“பயமா ஈக்குதா புள்ள?”

“பயந்தான். ஆனா அந்தாளுக்குப் பயந்த பயம் இல்ல இது.”

இப்படியே விட்டுவிடலாம் என்று அவள் நினைத்திருக்கவும் கூடும். அந்த நேரம் பார்த்துத்தான் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாகக் கிடந்த தோட்டத்துச் சனங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். விசாரணை நாளில் பெயரைக் கூப்பிடுவார்கள். குடும்பத் தலைவன் எழும்பி, நான்தான் என்று சொல்லவேண்டும். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். அவன் எழும்பி, நான் பூமுடிராசன், என் நாடு ஆற்றுக்கு அக்கரையில் என்று சொன்னால் என்ன ஆகும்? ராக்கம்மாவுக்கும் பாப்பம்மாவுக்கும் அத்தோடு ஒரு நாடும் இல்லை.

திருச்செல்வம் மாஸ்டர் மூன்று பின்னேரம் வந்து உட்கார்ந்து, “உங்கட பேர் மூக்கையா. சொல்லுங்கோ பார்ப்பம்,” என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்தார். “அந்தப் பெயருடையவர் எங்கே இருக்கிறார், ஆசானே?” என்று அவன் மரியாதையாகத் திருப்பிக் கேட்டான். அதோடு மாஸ்டர் வருவதை நிறுத்திவிட்டார்.

வழி சொன்னவர் வீரையாதான். “படுத்தவந்தான் எந்திரிக்க முடியும். மறுபடி கூத்துல படுக்க வைக்கணும். எழுப்புன வாய்தான் திருப்பிக் கூப்புடணும். நான் கூப்புட்டா வராது. ராக்கம்மா, நீதான் பேரச் சொல்லணும்.”

பாப்பம்மா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வேணாம்மா. சொல்லாதம்மா. இந்த அப்பாவே இருக்கட்டும்,” என்றாள்.

ராக்கம்மா மகளை அடித்தாள். அதுதான் அவள் பிள்ளைமேல் முதல் தடவையாகக் கை ஓங்கியது. அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாசலைப் பார்த்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

“அம்மணி, அழவேண்டாம்,” என்றான். “அழைத்தவர் தாங்கள். போகச் சொல்லும் உரிமையும் தங்களுக்கே உண்டு. துறைக்கு நான் வருகிறேன்.”

அதே மண்டபம், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். முதல் கூத்தின் புகழ் பரவியிருந்ததால் வாசலுக்கு வெளியிலும் சனம் நின்றது. அவர்களுக்கு விஷயம் எதுவும் தெரியாது. அன்று மேடையில் நடந்ததை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ராசா வந்தான், பேசினான், நடந்தான். கூட்டம் கத்தவில்லை, ‘போகாதீங்க’ என்று ஒருவரும் சொல்லவில்லை. மண்டபத்தில் குழந்தைகள்கூட அழவில்லை. துறைக் காட்சி வந்தது. மந்திரி ராஜலிங்கத்துக்கு மரக்கத்தியைத் தூக்கக் கை வரவில்லை. வியர்த்துப்போய் நின்றான். ராசா அவன் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கத்தியைத் தன் நெஞ்சில் தானே அழுத்திக்கொண்டான்.

“தாமதிக்காதே,” என்று அவன் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அது கதையில் இல்லாத வசனம். ராஜலிங்கம் அவன் காதில் என்னவோ முணுமுணுத்தான். அந்த நேரம் மண்டபத்துக்குள் ஒரு குதிரை கனைத்ததாக நான் சொல்லமாட்டேன். லவுட்ஸ்பீக்கர் கிறீச்சிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். என் லவுட்ஸ்பீக்கர் அப்படி ஒருநாளும் கிறீச்சிட்டதில்லை.

அவன் விழுந்தான். ராக்கம்மா செம்போடு வந்து மண்டியிட்டாள். தண்ணீரைத் தெளித்தாள். பிறகு வாயைத் திறக்காமல் அப்படியே இருந்தாள். முன்வரிசையில் பாப்பம்மா ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ராக்கம்மா விழுந்து கிடந்தவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருநாளும் அடிக்காத முகம் அது, அடித்த முகமும் அதுதான்.  கூப்பிடாதே புள்ள என்று கத்தலாம் போல் இருந்தது. விசாரணையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

“மூக்கையா,” என்றாள்.

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவன் முகம் கோணியது. இமை துடித்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

“நானா, அந்தச் சனியன் புடிச்ச லைட்ட அங்கிட்டுத் திருப்புங்க!” என்றான். பிறகு திரும்பிப் பெண்சாதியைப் பார்த்தான். “என்னாடி, இத்தன பேரு முன்னாடி பேர் சொல்லிக் கூப்புடுற? கொழுப்பா?”

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. நாடகத்தில் அது ஒரு பகுதி என்று நினைத்து எழும்பி நின்று கைதட்டினார்கள். ராக்கம்மா மேடையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார் மாஸ்டர். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றவன். அது செத்த வீட்டு அழுகை.

விசாரணையில் மூக்கையா பெயரைக் கூப்பிட்டதும், “நாந்தாங்க,” என்று எழும்பினான். காரியம் கைகூடியது. இடைப்பட்ட நாட்கள் எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. வந்த கிழமையே பழைய குருடி கதவைத் திறடி. அடுத்த சம்பள நாளில் தவறணை, அதற்கடுத்த நாளில் ராக்கம்மாவின் முகத்தில் காயம். கூத்தில் ஆட மட்டும் வீரையா அவனை விடவில்லை. அந்தக் கூத்தே பிறகு நடக்கவில்லை.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். கோயிலுக்குக் கொடுத்த விளக்குகளை எடுக்க ஒரு சம்பள நாள் பின்னேரம் தோட்டத்துக்குப் போனேன். மூடுபனி இறங்கி லயம் அரைகுறையாகத்தான் தெரிந்தது. மூக்கையா வாசல்படியில் நினைவு தப்பிக் கிடந்தான். சாராய வாடை கழிவுநீர்க் கானைத் தாண்டி வந்தது. ராக்கம்மா செம்போடு வந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றதை அவள் பார்க்கவில்லை. அவன் முகத்தில் தண்ணீரைத் தெளித்தாள். அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து காதோடு சொன்னாள்.

“பூமுடி மகாராசா, எந்திரிங்க.”

அவன் கையை ஊன்றாமல் எழுந்தான்.

“அழைத்தீர்களா, அம்மணி?”

“ஆமாங்க. ஒன்னும் இல்ல. செத்த நேரம் ஒக்காருங்க.”

உள்ளேயிருந்து பாப்பம்மா தேத்தண்ணியோடு ஓடிவந்தாள். வாசலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவன் மகளிடம் என்னவோ கேட்டான், அவள் கலகலவென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த டோர்ச்சை என்னை அறியாமலே அமுக்கிவிட்டேன். வெளிச்சம் நேரே அவன் முகத்தில் விழுந்தது. அவன் இமைக்காமல் என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். நான் விளக்குகளை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

அடுத்த கிழமை ராக்கம்மாவே கடைக்கு வந்தாள். கேட்காமலே சொன்னாள்.

“போதையில விழுந்தா மட்டுந்தான் வருவாரு நானா. போதை எறங்குனா போயிருவாரு. யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க.”

“நல்லதுதானே புள்ள. அடியில்லாம ஈக்கலாமே.”

 “போகையில ஒவ்வொரு தடவையும் நெஞ்சப் புடிச்சுக்கிட்டுத்தான் போறாரு,” என்றாள். “மந்திரி குத்துன எடத்துல. வலிக்குதான்னு கேட்டேன். ‘பழகிவிட்டது அம்மணி’ங்கிறாரு.”

அதன்பிறகு அவள் சாராயத்தைத் திட்டியதை நான் கேட்டதில்லை. சம்பள நாளில் மற்றப் பெண்கள் தவறணை வாசலில் நின்று புருஷனை இழுத்துக்கொண்டு வருவார்கள். இவள் வீட்டில் செம்பில் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டுக் காத்திருப்பாள். அதில் எது பாவம், எது புண்ணியம் என்று கணக்குப் பார்க்க நான் யார்? பாப்பம்மா அப்படித்தான் வளர்ந்தாள். நன்றாகப் படித்தாள், குண்டசாலையில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்று மூக்கையா காலையிலேயே குடித்து விழுந்துவிட்டான் என்று ஊர் காறித் துப்பியது. ஆனால் மகளைக் கையைப் பிடித்துக் கொடுத்தபோது அவன் நின்ற நிலையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் எழும்பி நின்றார்கள். அந்த மேடைக்கும் லைட் என்னுடையதுதான். அவன் கண் கூசவில்லை.

மூக்கையா செத்தது ஒரு தை மாதம், ஈரல் கெட்டு. செய்தி கேட்டுப் பெற்றோமக்ஸ் இரண்டை எடுத்துக்கொண்டு போனேன், வாடகைக்கு இல்லை. உடலை வாசலில் கிடத்தியிருந்தார்கள். நான் விளக்கைக் கொளுத்தி வைத்ததும் வெளிச்சம் அந்த முகத்தில் விழுந்தது. அரைக் கண் திறந்திருந்தது. இமை அசையவில்லை. அது மூக்கையாவின் முகமா, மற்றவருடையதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ராக்கம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செம்பு. குளிப்பாட்டக் கொண்டுவந்த தண்ணீர்தான், ஆனால் அதைப் பார்த்ததும் வீரையா பின்னுக்கு நகர்ந்தார். குண்டசாலையிலிருந்து பாப்பம்மா வந்து இறங்கினாள். தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். திடீரென்று அழுகையை நிறுத்தி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அம்மா, ஒரே ஒரு தடவ. அவரக் கூப்புடும்மா. நான் பேசிட்டு விட்டுர்றேன்.”

யாரை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ராக்கம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் விளக்கின் திருகைப் பிடித்தபடி நின்றேன்.

ராக்கம்மா செம்பை எடுத்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு வாசலோரம் கறிவேப்பிலைச் செடியின் அடியில் அந்தத் தண்ணீரை முழுக்க ஊற்றிவிட்டு, வெறும் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

“கூப்புட்டா வந்துருவாருடி,” என்றாள். “பாவம், நமக்காக அவரு எத்தன தடவ சாவாரு?”

குனிந்து, தன் உள்ளங்கையால் அந்த இமைகளை மூடிவிட்டாள். மூடிய பிறகு அவை திறக்கவில்லை.